நோன்பு மாதத்தில் நான் விழுங்காத மாத்திரைகள்

என் அன்பு அத்தாவுக்கு, உங்க மேல ஸலாம் உண்டாகட்டும்.

நீங்க அடங்கியிருக்குற கபரஸ்தானுக்குப் பொம்பளைங்க வரக்கூடாதுன்னு நம்ம தெருவுல சட்டம். நேர்ல வந்து சொல்ல முடியாததால எழுதுறேன். நாலு பேர் படிச்சாலும் படிக்கட்டும். ஒளிச்சு வச்சு நான் பட்டது போதும்.

அன்னைக்கு நாம ரெண்டு பேரும் கடலூர்லேர்ந்து சிதம்பரம் திரும்பி வந்த வண்டியில லாரி மோதினதோட உங்களுக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு. எனக்கு மண்டையில அடி. அதுலேர்ந்து எனக்கு வலிப்பு வருது அத்தா. கண்ணை மூடினா அந்த பிரேக் சத்தம் கேக்குது. தூக்கம் இல்ல, விடிஞ்சா எதுலயும் மனசு ஒட்டல. தலை வாரிக்கக்கூட அலுப்பா இருக்கு.

கடலூர் டாக்டரம்மா வலிப்புக்கு மூணு வேளை மாத்திரை குடுத்தாங்க. மனசுக்கு ஒண்ணு, தூக்கத்துக்கு ஒண்ணு தனியா. "தூக்கம் கெட்டா வலிப்பு வரும். எதையும் நீங்களா நிறுத்திடாதீங்க"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.

'உன் மூத்தவளுக்கு வாய் ஜாஸ்தி'ன்னு அம்மாகிட்ட சொல்லிச் சிரிப்பீங்களே, அந்த வாய் இந்த விஷயத்துல மட்டும் தச்சுப்போச்சு. நம்ம ஷமீமாவுக்குக் காட்டுமன்னார்கோயில்லேர்ந்து சம்பந்தம் வந்திருக்கு. மாப்பிள்ள குவைத்துல இருக்காரு, தங்கமான இடம். 'அக்காக்காரிக்கு வலிப்பாமே'ன்னு ஒரு வார்த்தை போனா போதாதா, என் தங்கச்சி வாழ்க்கை என்னாகுறது?

அந்த நேரம் பார்த்து நோம்பு வந்துச்சு. நோயாளிக்கு நோம்பு கடமை இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஏழெட்டு நாள் விட்டா பொம்பளைகிட்ட யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. மாசம் முழுக்க விட்டா தெருவே கேக்கும். "டாக்டரே வைக்கலாம்னுட்டாங்க"ன்னு அம்மாகிட்டயும் ஷமீமாகிட்டயும் புளுகிட்டு வச்சேன். பகல் வேளை மாத்திரை நின்னுபோச்சு. மனசுக்குக் குடுத்தது நாக்கை வறட்டும், தாகம் தாங்காதுன்னு அதையும் விட்டேன். தூக்க மாத்திரையப் போட்டா விடியறதுக்கு முந்தி சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க முடியாதேன்னு அதுவும் போச்சு. அல்லாவுக்காக வச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல அத்தா. பக்கத்து வீட்டு ஜன்னலுக்காகத்தான் வச்சேன்.

போன வாரம் மாப்பிள்ளையோட அம்மா நம்ம வீட்டுக்கு நோம்பு தொறக்க வந்தாங்க. ஷமீமா கஞ்சி ஊத்திக்கிட்டிருந்தா. நான் வடைத் தட்டை எடுத்து நீட்டினது வரைக்கும்தான் ஞாபகம்.

கண்ணு முழிச்சப்ப என் கையில அந்த மாமியோட சாவிக்கொத்து. இரும்பு குடுத்தா நிக்கும்னு திணிச்சிருக்காங்க. "சாவியெல்லாம் வேணாம் மாமி, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்"னு ஷமீமா கத்திக்கிட்டிருந்தா. என் உடுப்பு நனைஞ்சிருந்துச்சு. விருந்தாளிக்கு விரிச்ச பாயும் நனைஞ்சிருந்துச்சு. யா அல்லா, மானம் போறதுன்னா இதுதானா? அம்மா தன் துப்பட்டியை எடுத்து என் மேல போர்த்தினாங்க.

அதைவிடப் பெரிய வெக்கம் அதுக்கப்புறம் வந்துச்சு. எனக்கு வலிப்பு இருக்குன்னு ஷமீமா அவுங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாளாம். தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டு வந்திருக்காங்க! மாமி என்னைப் பார்க்கவே இல்ல. அம்மாவைத்தான் பார்த்தாங்க. "மாத்திரை போடுற புள்ளைய நோம்பு வைக்கச் சொல்லி வாட்டியிருக்கீங்களே, உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"ன்னு கேட்டாங்க.

நான் புளுகினது அம்மாவுக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. 'இவ எங்களையே ஏமாத்திட்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. "என் தப்புதான்"னு தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் பாயில கெடந்தபடி கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்துச்சு, பேச முடியல. இல்ல, உங்ககிட்ட எதுக்குப் பொய்? முக்கியிருந்தா ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

அன்னையிலேர்ந்து மாப்பிள்ள வீட்டுலேர்ந்து போன் இல்ல. அம்மா அடுப்படிக்குப் போனாலும் போனை மறக்காம எடுத்துக்கிட்டுப் போறாங்க. ஷமீமா முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுது. "திட்டித் தொலையேண்டி"ன்னேன். "மாத்திரை போட்டியா?"ன்னு மட்டும் கேட்டுட்டுத் துணி காயப்போடப் போயிட்டா.

நேத்து அவதான் என்னைக் கடலூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. உங்களைப் பறிகொடுத்த இடத்தை பஸ் தாண்டுறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டா. டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவுங்க கோவப்படல. எதை எப்படித் திரும்ப ஆரம்பிக்கணும்னு பொறுமையா சொன்னாங்க. அப்புறம், "யாருக்குப் பயந்து இப்படிப் பண்ணீங்க?"ன்னு கேட்டாங்க. யோசிச்சு யோசிச்சுப் பார்க்குறேன், ஒரு பேரும் வரமாட்டேங்குது. யாருக்குத்தான் பயந்தேன் அத்தா?

நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் காட்டுமன்னார்கோயிலுக்கு டவுன் பஸ் ஏறப் போறேன். சம்பந்தம் நிக்குமா போகுமா, எனக்குத் தெரியாது. அந்த மாமி முன்னாடி அம்மாவை நிமிர்ந்து உக்கார வச்சுட்டு, "எங்கம்மா என்னை வாட்டல, பொய் சொன்னவ நான்"னு சொல்லுவேன். பேசி முடிக்கறதுக்குள்ள பகல் வேளை மாத்திரைக்கு நேரமாயிடும். அத்தனை பேரும் நோம்போட உக்காந்திருக்குற அந்த வீட்டுல, எல்லாரும் பார்க்க, தண்ணி கேட்டு வாங்கி முழுங்குவேன். இது சத்தியம் அத்தா.

இப்படிக்கு,
உங்க வாயாடி மூத்த மவ,
நூரு