புது வாசலில் பச்சை பெஞ்சு

அன்பு மகள் வெனிங்குக்கு, சலாத்துடன் அம்மா எழுதுவது. அல்லாஹ் காப்பாற்றியதில் நானும் உன் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே முனகத் தொடங்கிவிடுகிறது. ஒசாகாவில் குளிர் இறங்கிவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இங்கே வியர்க்கும்போதெல்லாம் உன் நினைவுதான், நீ பார்த்துக்கொள்ளும் முதியவர்களுக்கெல்லாம் போர்த்திவிட்டு நீ போர்த்தாமல் நிற்காதே. போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உன் சிநேகிதி லஸ்த்ரி விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிறாள், அவள் பையில் வறுத்த சோயா டெம்பேயும் சம்பலும் வைக்கும்போது இதையும் வைத்துவிட்டேன். படித்துவிட்டு அம்மாவை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். நடந்து நான்கு நாளாகிறது.

கெபோன் வாரு ரயில் நிலையத்தை விரிவாக்கப்போகிறோம், எட்டு மாதம் மூடியிருக்கும் என்று நோட்டீஸ் ஒட்டியபோது நான் நம்பவில்லை என்பது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அந்த வாசலில் தேங்காய்ப்பால் சோறு விற்றவள் நான், முட்டளவு வெள்ளம் வந்த நாளிலும் அங்கே ரயில் நின்றது, ஒரு பக்கமாவது திறந்து வைக்காமல் ஜனங்கள் எப்படி வேலைக்குப் போவார்கள் என்று எல்லோருக்கும் நானே தைரியம் சொன்னேன். அந்தத் திங்கட்கிழமை வழக்கம்போல் பானை நிறையச் சமைத்துக்கொண்டு போனால் வாசல் முழுவதும் தகர வேலி. ரயில் வந்தது, நிற்காமல் போனது. எப்போதும் இரட்டைச் சம்பல் கேட்கும் அந்த வங்கிக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து வாயருகே விரலைக் குவித்துக் காட்டினார், சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, அதற்குள் பெட்டி கடந்துவிட்டது. பானையை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினேன். காப்பிக்கடை சமாத் அண்ணன் பின்னாலிருந்து, “என்ன சுமி, ரயிலை நிறுத்திப் பானையை ஏத்திவிட்டிருக்கலாமே, ரயிலு நிக்கும்னு சொன்னியே” என்றார்.

சரி, எட்டு மாதம்தானே என்று பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போது செய்வதைப் போலவே எல்லோரும் செய்தோம். அவரவர் பெஞ்சைக் கால் மேலே இருக்கும்படி கவிழ்த்து, வேலி ஓரமாக அவரவர் இடத்தில் கயிறு போட்டுக் கட்டினோம். கவிழ்த்த பெஞ்சைத் தொட இங்கே யாருக்கும் துணிச்சல் வராது, அது கிடக்கும் இடம் அதற்குரியவரே நிற்கும் இடம். நம் பச்சை பெஞ்சைக் கவிழ்த்ததும், நீ மூன்றாம் வகுப்பில் ஆணியால் அடிப்பக்கம் கீறிய எழுத்து மேலே வந்தது, இது என் அம்மாவின் பெஞ்சு, யாரும் நகர்த்தாதீர்கள் என்று. அப்போது மரத்தைப் பாழாக்கினாய் என்று உன்னை அடித்தேன். இப்போது அதுவே காவல் என்று நினைத்துச் சந்தை ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி போட்டுப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, வாரம் ஒரு தடவை போய்ப் பெஞ்சைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஐந்தாம் மாதம் போனேன், மற்ற பத்துப் பெஞ்சும் கிடக்கிறது, நம்முடையது மட்டும் இல்லை. எந்தின் அதை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சமாத் சொன்னார். எந்தினை உனக்கு நினைவிருக்கும், நிலையத்துக்குப் பின்னால் சாக்கடைச் சந்தில் வாழையிலைச் சோற்றுக்கட்டி விற்பவள், புருஷன் போன பிறகு சுந்தா நாட்டுப் பக்கமிருந்து வந்தவள். அந்தப் பக்கம் யார் வருவார்கள் என்று நாங்கள் முன்வாசல்காரர்கள் எல்லோரும் கேலி செய்வோம், சாக்கடை மகாராணி என்று பெயர் வைத்ததே நான்தான். அவளைச் சந்தையில் இலைக்கடை முன்னால் பிடித்தேன். ஏன் எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை வெனிங், நேரே, “சாக்கடைப் பக்கம் போதலையா உனக்கு, என் இடமும் வேணுமா? இடத்தைத் திருடுறவ பிச்சை எடுத்துத் தின்னலாம்டி” என்றேன். இலைக்காரி, மீன்காரி எல்லோரும் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்துப்போய், “அக்கா, வாசலு அந்தப் பக்கம்…” என்று தொடங்கினாள். “வாசலைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா” என்று அவள் வாயை அடைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து, ஒரு தடவை பின்சந்துக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று சமாத்திடம் சொல்லி அனுப்பினாள். அவள் கூப்பிட்டு நான் போவதா என்று போகவில்லை.

அதோடு விட்டேனா, இல்லை. நிலையம் திறந்ததும் யார் யாருக்கு இடம் என்று குடியிருப்புத் தலைவர் பட்டியல் கேட்டார், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். பன்னிரண்டாவது பெயர் எந்தின். எழுதிய பெயரை நானே இரண்டு கோடு போட்டு அடித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்காமல் இருந்ததை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை நிலையம் திறந்தார்கள். அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் பானையோடு போய் என் பழைய இடத்தில் நின்றேன். தகர வேலியை எடுத்திருந்தார்கள், அந்த இடத்தில் வாசல் இல்லை. சுவர். ஆளுயரத்துக்கு மேலே வழவழவென்று சாம்பல் நிறச் சுவர், ஒரு ஜன்னல்கூட இல்லை. உள்ளே ரயில் நிற்கும் சத்தம் கேட்கிறது, ஜனங்கள் காலடிச் சத்தம் கேட்கிறது, எல்லாம் என்னைவிட்டுத் தள்ளிப் போகிறது. புது நிலையத்தின் படம் எட்டு மாதமாக அந்த வேலியிலேயே தொங்கியது, நான் வாராவாரம் கடந்து போனேன், படத்தில் எல்லோரும் நெட்டையாக இருக்கிறார்கள், ஒருவர்கூடச் சாப்பிடவில்லை என்று கேலி பேசினேனே தவிர வாசல் எங்கே என்று பார்க்கவில்லை. வியாபாரம் பழகியவள் என்று இனி யாரிடம் சொல்வேன். பாலம் ஏறிப் பின்பக்கம் இறங்கினேன். சாக்கடையை மூடிக் கல் பதித்துவிட்டார்கள், அகலமான வாசல், திருவிழா மாதிரிக் கூட்டம். வாசலுக்கு நேரே, படியிலிருந்து நான்காவது எட்டில், நம் பச்சை பெஞ்சு கவிழ்ந்து கிடக்கிறது, கயிறு இரட்டைக் கட்டு. உன் கீறல் எழுத்து அப்படியே மேலே தெரிகிறது.

பானையை இறக்காமலே நின்றேன். பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், நிலையம் கட்டும் வேலையாட்களுக்குச் சோறு விற்றதால் வாசல் பின்பக்கம் திரும்பப்போவது எந்தினுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பெஞ்சு கொண்டு வந்து போடத் தொடங்கியதும், எனக்கு இடம் பிடிக்க முதலில் என் பெஞ்சைக் கொண்டு வந்து கவிழ்த்திருக்கிறாள். பக்கத்தில் அவள் கூடை வைக்கும் இடத்தில் தலைவரின் ஆள் நின்று, “பட்டியல்ல உன் பேரு இல்லம்மா, கிளம்பு” என்கிறான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, “வந்துட்டீங்களா அக்கா, சோறு ஆறிடும், பெஞ்சை நிமிர்த்துங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாலு பேர் முன்னால் திட்டியவள் நான், இங்கேயும் நாலு பேர் முன்னாலேயே சொன்னேன், அந்தப் பெயரை அடித்தது என் கை, அவள் திருடவில்லை என்று. அவன், “பெஞ்சுக்கு ஒரு பேருதான், மாத்தணும்னா மூணு மாசம் கழிச்சுத்தான்” என்றான். “அப்ப இந்தப் பெஞ்சுல ரெண்டு பேர் உக்காருவோம், பெஞ்சை அளந்துக்கோ, எங்களை அளக்காதே” என்றேன். அவன் பட்டியலை மடித்துக்கொண்டு நகர்ந்தான். சமாத் தூரத்திலிருந்தே, “ரயிலு நிக்குது சுமி, இப்பவாச்சும் ஏத்திவிடு” என்று கத்தினார். வங்கிக்காரர் வந்து இரட்டைச் சம்பல் கேட்டார், எந்தின்தான் பொட்டலம் கட்டினாள்.

இன்றுவரை அவளிடம் மன்னித்துவிடு என்று சொல்லவில்லை, சொல்ல வரும்போதெல்லாம், “அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று சொல்லிவிடுகிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது. அதனால் நேற்று பெஞ்சைக் கவிழ்த்து, உன் எழுத்துக்குக் கீழே அவள் பெயரை ஆணியால் நானே கீறினேன், பட்டியலில் அடித்த அதே கையால். உன் அப்பா பார்த்துவிட்டு, மகளை அடித்தாயே, இப்போது உன்னை யார் அடிப்பது என்று கேட்டார்.

உன் உடம்பும் மனசும் குளிரில் சுருங்காமல் இருக்கட்டும், அல்லாஹ் உன் வழியை அகலமாக்கட்டும். ஒன்றை மறக்காதே, உன் விடுதியில் உன் பொருளை யாராவது எடுத்தால் குரலை உயர்த்துவதற்கு முன்னால் எங்கே வைத்தாய் என்று கேள். சம்பலை நீயே தின்று தீர்க்காமல் லஸ்த்ரிக்கும் கொடு.

உன் அம்மா சுமியாத்தி,
கெபோன் வாரு நிலையம், புது வாசல், பச்சை பெஞ்சில் பாதி.