மங்கம்மா வீட்டுச் சாயல்

வெலிங்டன், நியூசிலாந்து
12 மார்ச் 2024

அன்புத் தங்கை சுமலதாவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். என் பெயர் சுசித்ரா. என்னை உனக்குத் தெரியாது. ஆனால் உன்னை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் கழிந்ததில்லை. ஏழு வருடங்களுக்கு முன் நானும் என் கணவர் மாதவனும் இங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்து, ஒரு காப்பகத்திலிருந்து பெண் குழந்தை ஒன்றைச் சட்டப்படி தத்தெடுத்தோம். அது நீ பெற்ற குழந்தை. ஆதிரை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அவளுக்கு இப்போது எட்டு வயது. நீச்சலில் பரிசு வாங்குகிறாள். தமிழ் பேசுகிறாள், என்னைத் திட்டும்போது இன்னும் நன்றாகப் பேசுகிறாள். சில மாதங்களாக ஒரே கேள்வி. "என்னைப் பெத்தவங்க யாரு? ஏன் குடுத்துட்டாங்க?" நான் என்ன சொல்ல?

காப்பகத்தில் முன்பு வேலை பார்த்த ஆயா ஒருவர் உன் பெயரையும், உன் ஊர் கல்லாவிப் பக்கம் என்பதையும், நீ தங்கியிருந்த ஹாஸ்டல் விலாசத்தையும் சொன்னார். உன் வறுமையில் நீ செய்த தியாகத்தை நாங்கள் ஒருபோதும் தவறாக நினைக்கவில்லை. ஜூலை விடுமுறையில் குழந்தையோடு வருகிறோம். ஒரே ஒரு முறை நீ அவளைக் கட்டி அணைத்துக்கொண்டால் போதும். உன் மனதிலுள்ள பாரமும் இறங்கிவிடும்.

உனக்கு ஏதாவது உதவி தேவையென்றால் கூச்சப்படாமல் எழுது.

என்றும் அன்புடன்,
சுசித்ரா அக்கா


ஓசூர்
4 ஏப்ரல் 2024

திருமதி சுசித்ரா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஹாஸ்டல் வார்டன் சம்பங்கி அக்கா பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். எனக்கு அக்கா என்றால் அவர்தான். வேறு அக்கா யாரும் கிடையாது. நானும் உங்களுக்குத் தங்கை கிடையாது. முன்பின் தெரியாதவரை 'நீ' என்று எழுதுவது உங்கள் ஊர் வழக்கமா, அல்லது கல்லாவிக்காரிக்கு அது போதும் என்று நினைத்தீர்களா?

யாரிடமும் சொல்லக்கூடாத பெயரை ஓர் ஆயாவிடம் நைச்சியமாகப் பேசி வாங்கிவிட்டு, 'சட்டப்படி' என்ற வார்த்தையையும் கூசாமல் எழுதியிருக்கிறீர்கள்.

வறுமை, தியாகம், பாரம். என்னைப் பார்க்காமலே என் கதையை எழுதி முடித்துவிட்டீர்கள். நான் வந்து அழ வேண்டியதுதான் பாக்கி. மன்னிக்கவும், எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது. உதிரி பாகக் கம்பெனியில் ஒரு லைனை நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம் ஆகிவிட்டது. என் கணவருக்கு எல்லாம் தெரியும், சொல்லிவிட்டுத்தான் கட்டிக்கொண்டேன். என் அண்ணன் மாதேஷுக்கும் ஊருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு நிம்மதியும் இருக்கிறது. உதவி தேவைப்படுகிறவள் மாதிரி உங்களுக்குத் தெரிந்தால் அது உங்கள் கண்ணில் உள்ள கோளாறு.

குழந்தை கேட்டால் இதைச் சொல்லுங்கள். அவளைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. பசிக்காக அவளைக் கொடுக்கவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யோசித்துக் கொடுத்தேன். இதற்கு மேல் அவளுக்கு எட்டு வயதில் தேவையில்லை.

என்னைப் பார்க்க வர வேண்டாம். முக்கியமாகக் கல்லாவிக்குப் போக வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

சுமலதா


ஓசூர்
14 ஜூலை 2024

அன்புள்ள சுமலதா அவர்களுக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 'நீ' என்று எழுதியதற்கு மன்னியுங்கள். நீங்கள் சொன்னபடி உங்களைத் தேடி வரவில்லை, இதே ஊரில் ஓட்டலில் தங்கியிருந்தும். ஆனால் ஒரு குழந்தை தன் மண்ணைப் பார்ப்பதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? வெகுநேரம் யோசித்துத்தான் கார் பேசிக்கொண்டு கல்லாவிக்குப் போனோம்.

நீங்கள் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. சந்தைப் பக்கம் டீக்கடையில் உங்கள் பெயரைச் சொல்லி விசாரித்தோம். ஒரு பெரியவர் ஆதிரையைப் பார்த்த உடனே, "இன்னாம்மா இது, மங்கம்மா வூட்டுச் சாயல் அப்படியே உரிச்சு வெச்சாப்ல கீது" என்றார். அவரே வழி காட்டினார். பெரிய வீடு, வாசலில் டிராக்டர், பின்னால் மாந்தோப்பு. மங்கம்மா அம்மா முதலில் திகைத்தார்கள். நாங்கள் நியூசிலாந்து என்றதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். "எங்க ரத்தம் எங்க போனாலும் எங்களத் தேடிக்கினு வந்துருமுங்க" என்று சொல்லிக் கண் கலங்கினார்கள். காபி, முறுக்கு, ஆதிரைக்குப் பட்டுப்பாவாடை. அவர்கள் மகன் அன்புமணி அதிகம் பேசவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது. ஆனால் ஆதிரையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் உங்களைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பிறகு உங்கள் வீட்டுக்கும் போனோம். உங்கள் அம்மா நாராயணம்மா எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மங்கம்மா அம்மாவின் பெருந்தன்மையைப் பார்த்துவிட்டு வந்ததால் அது இன்னும் உறுத்தியது.

பழையதை மறக்க அவர்கள் தயாராக இருக்கிறார்கள். நீங்களும் கொஞ்சம் இறங்கி வரலாமே? குழந்தைக்காக.

அன்புடன்,
சுசித்ரா


ஓசூர்
2 ஆகஸ்ட் 2024

திருமதி சுசித்ரா அவர்களுக்கு,

ஓட்டலிலிருந்து எழுதியது கிடைத்தது. நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். அதனால் நீங்கள் போன பிறகு என்ன நடந்தது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் காபி குடித்த அந்த வீட்டின் கேட்டைத் தாண்டி எங்கள் தெரு ஆட்கள் யாரும் உள்ளே போனதில்லை. களை எடுக்கப் போனாலும் பின்பக்கத்து வழிதான். ஐந்து மாத வயிற்றோடு நான் அந்த கேட்டுக்கு வெளியே நின்றேன். உங்கள் பெருந்தன்மைக்காரி வாசலுக்கு வந்து, "எந்தத் தெருவுல சுமந்ததைக் கொண்டாந்து எந்த வூட்டு வாசல்ல வெக்கிற? போடி" என்றாள். கூலியாளைக் கூப்பிட்டு நான் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னாள். உங்கள் கூச்ச சுபாவக்காரன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் சத்தத்தைக் கூட்டி வைத்தான். கிரிக்கெட். ஜனங்கள் கைதட்டுகிற சத்தத்துக்கு நடுவில்தான் நான் திரும்பி நடந்தேன்.

என்னைப் பற்றி அவன் தவறாக ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

இப்போது அது 'எங்க ரத்தம்' ஆகிவிட்டது. கிருஷ்ணகிரிக் காப்பகத் தொட்டிலில் கிடந்தபோது அது யார் ரத்தம்? வெளிநாட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு கார்க் கதவைத் திறந்து இறங்கினால்தான் ரத்தத்துக்கு அடையாளம் தெரியும் போல. அதையும் நம்பி முறுக்குத் தின்றுவிட்டு வந்து, என்னை இறங்கி வரச் சொல்கிறீர்கள். எங்கே இறங்க? அந்த வாசலுக்கா?

என் அம்மா கதவைச் சாத்தியது உங்களுக்கு உறுத்துகிறது. நான் சுமந்தபோது வெளியூர் வேலையில் இருந்த என் அண்ணனுக்கு அன்று வரைக்கும் தெரியாமல் காத்தவள் அவள். நீங்கள் டீக்கடையில் பிள்ளையை நிறுத்திக் காட்டிய அன்று சாயங்காலமே மாதேஷ் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வந்து கத்தினான். வரிசையாக பஸ்கள், உள்ளே ஜன்னலோரமாக அத்தனை முகங்கள். என் கணவர் சந்தோஷ் அதில் ஒரு பஸ்ஸுக்கு டிரைவர். கன்னடக்காரர். இறங்கி வந்து, "அவ எல்லாம் சொல்லித்தான் என்னக் கட்டிக்கிட்டா. நீ ஹோகு மாராயா" என்று அவனை நகர்த்திவிட்டு, என்னிடம், "பிடு லதா, விட்டுத் தள்ளு, வண்டி ஏறு" என்றார். ஏறினேன். அம்மாவை அண்ணன் வீட்டை விட்டு அனுப்பிவிட்டான். இப்போது எங்கள் ஒற்றை அறையில் எங்களோடு இருக்கிறாள். என் லைன் பெண்கள் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். காறித் துப்பினால்கூடத் துடைத்துக்கொள்வேன். இந்தப் பார்வையைத் துடைக்க வழியில்லை.

நான் ஏன் கொடுத்தேன் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். மங்கம்மா வீட்டில் அவள் பிறக்கவே கூடாது என்றார்கள். என் அம்மாவோ பர்கூர் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்த, இரண்டாம் தாரம் தேடிய ஒருவனுக்கு என்னைக் கட்டிவைத்து, அவன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். யாரும் அவளை அவளாக வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. நானே பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவளை யாராவது வாய்விட்டு 'என் பிள்ளை' என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை நீங்கள் செய்தீர்கள். அதற்கு உங்களை மதிக்கிறேன். அதோடு நின்றிருக்கலாம்.

போட்டோ அனுப்பாதீர்கள். பெரியவளாகிப் பதினெட்டு வயதானதும் அவளாக வர நினைத்தால் வரட்டும். சந்தோஷும் நானும் எங்கே இருந்தாலும் சம்பங்கி அக்காவுக்குத் தெரியும். அவளிடம் பேசுவேன். உங்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

சுமலதா


வெலிங்டன்
1 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய சுமலதா அவர்களுக்கு,

இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மங்கம்மா வீட்டிலிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. முதல் வாரம் குழந்தை சாப்பிட்டாளா என்றார்கள். இரண்டாவது வாரம் அன்புமணிக்கு இங்கே வேலைக்கு விசா எடுத்துத் தர முடியுமா என்றார்கள். "அப்பன் பக்கத்துலயே இருந்தா புள்ளைக்கு நல்லதுதானுங்களே" என்றார் அந்த அம்மா. அப்போதும் நான் சிரித்துக்கொண்டு விசாரிக்கிறேன் என்றுதான் சொன்னேன். உங்கள் கடிதம் வந்த அன்று மறுபடியும் கூப்பிட்டார்கள். வாசலைக் கழுவியது பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் ஊருல வயக்கந்தானுங்களே" என்றார். அந்த நம்பரை அதன் பிறகு எடுப்பதில்லை.

உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எதைச் சொன்னாலும் அது எனக்காகச் சொல்வதாகத்தான் இருக்கும். அதனால் சொல்லவில்லை.

ஆதிரையிடம் நேற்றுப் பேசினேன். அழகுபடுத்தாமல் சொன்னேன். உன்னைப் பெற்றவர் இருக்கிறார், யோசித்துத்தான் கொடுத்தார், ஏனென்றால் உன்னை ஒளித்து வைக்க அவருக்கு விருப்பமில்லை. பதினெட்டு வயதானால் உன்னிடம் பேசுவார்.

"இப்ப ஏன் பேசமாட்டாங்க?"

"கோபமா இருக்காங்க."

"யார் மேல?"

"என் மேல."

"என் மேல இல்லையே?"

"இல்லவே இல்ல."

கொஞ்ச நேரம் என்னையே மேலும் கீழும் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவள் எங்கிருந்து கொண்டு வந்தாள் என்று உங்கள் கடிதங்களைப் படித்த எனக்குக் கேட்கத் தேவையில்லை. பிறகு சொன்னாள்: "அப்ப நான் மட்டும் போறேன். நீ ஏர்போர்ட்லயே உக்காந்திரு."

சரி என்றேன்.

சுசித்ரா