காட்டாமல் வைத்த பிள்ளைகள்

பச்சியப்பன் கொட்டாய்,
ஏரியூர் வழி.
தாரண வருஷம் ஆவணி மாதம் (1944)

சிரஞ்சீவி மாதேஸ்வரனுக்கு அப்பன் தீர்த்தகிரி ஆசீர்வாதத்துடன் எழுதியது. கிர்க்கி வெடிமருந்து ஆலையில் வேலையிலும் உடம்பிலும் நீ குறைவில்லாமல் இருக்க முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உன் பெண்சாதி கண்ணம்மாளும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். குழந்தை காவேரிக்குத்தான் உடம்பு சரியில்லை, சவலை பாய்ந்து இளைத்துவிட்டது. தூரதேசத்தில் இருக்கிறவனை ஏன் கலக்க வேண்டும் என்று உன் அம்மா சொன்னதால் இதுவரை சௌக்கியம் என்றே எழுதி வந்தோம், இனி அப்படி எழுதக் கை வரவில்லை. மழையும் ஏமாற்றிவிட்டது, கேழ்வரகு முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நிற்கிறது, கிழட்டு எருதை விற்கலாமென்றால் கேட்பாரில்லை.

போன வருஷம் ஜில்லா போர்டும் சேலத்துத் தரும சங்கத்து அம்மாமார்களும் சேர்ந்து நம் ஊரில் பிள்ளை வளர்ப்புக்கென்று ஒரு நிலையம் வைத்தது உனக்குத் தெரியும். நர்சம்மா போர்டு பொறுப்பு, பால் பவுடரும் மருந்தும் சங்கத்தின் பொறுப்பு என்று ஏற்பாடு, ஊரார் அதைப் பால்வூடு என்பார்கள். அழுகிற பிள்ளைக்கு அபின் உரைத்து நாக்கில் தடவும் வழக்கத்தை அந்த நர்சம்மா வந்த பிறகுதான் நம் பெண்கள் விட்டார்கள். யாரையும் ஏசமாட்டாள், மாமியார்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தண்ணீரைக் காய்ச்சுவது எப்படி, பால் மறந்த பிள்ளைக்குக் கூழ் எவ்வளவு நீர்க்கக் கரைப்பது என்று செய்தே காட்டுவாள். நான் பஞ்சாயத்து போர்டு மெம்பராகி ஊருக்குக் கண்ட பிரயோஜனம் அது ஒன்றுதான், மற்ற நாளெல்லாம் பெஞ்சியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றதுதான் மிச்சம்.

தை மாதம் காவேரிக்கு வயிற்றுப்போக்கு கண்டு உடம்பு உருகிப் போயிற்று. சவலைப் பிள்ளை இருக்கும் வீட்டோடு மற்றத் தாய்மார் புழங்கமாட்டார்கள், தோஷம் தங்கள் பிள்ளைக்கும் தொற்றும் என்று பயம், அதனால் எந்த வீட்டிலும் அப்படிப்பட்ட பிள்ளையை வெளியே காட்டுவதில்லை. உன் அம்மாவும் காவேரியைப் பால்வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி, தாயும் பிள்ளையும் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதாக நர்சம்மாவிடம் சொல்லிவிட்டாள். மாசியில் சங்கத்து அம்மாமார்கள் மோட்டாரில் வந்து குழந்தைக் கண்காட்சி நடத்தினார்கள். ஊரிலுள்ள கொழுகொழு பிள்ளைகள் எல்லாம் தலை வாரி மை தீட்டி வந்து சேர்ந்தன, எதிர்வீட்டுச் சின்னக்கா மகனுக்கு வெள்ளிச் சங்கு பரிசு. இளைத்த பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. நம் காவேரியைக் குதிருக்குப் பின்னால் படுக்கவைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். இப்படி எத்தனை வீட்டுக் கதவு அன்று சாத்தியிருந்ததோ தெரியாது. வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். இந்த ஊர்ப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், இங்கே செலவிடும் பாலும் நர்சும் கஷ்டப்படுகிற வேறு ஊருக்குப் போகட்டும் என்று ஜில்லா போர்டுக்கு எழுதிவிட்டார்கள், போர்டும் சரியென்றது. அவர்களைக் குறை சொல்ல வாயில்லை, நாம் காட்டியதைத்தானே அவர்கள் பார்த்தார்கள்.

தராசையும் பால் டப்பாக்களையும் வண்டியில் ஏற்றுகிற அன்று உன் பெண்சாதி யாரிடமும் கேட்காமல் காவேரியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். நர்சம்மா துணியை விலக்கிக் குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம், இந்தப் பிள்ளைய அன்னைக்கே கொண்டாந்திருந்தீங்கன்னா நான் இங்கயே இருந்திருப்பேனுங்களே என்றாள். எனக்கு மண்ணில் புதைந்துவிடலாம் போல இருந்தது. இரண்டு டப்பா பவுடரை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள், அது என்றோ தீர்ந்துவிட்டது.

பிறகு தருமபுரிக்குப் போய் ஹெல்த் ஆபீசரைப் பார்த்து நிலவரத்தைச் சொன்னேன். நல்ல மனுஷன், நேரில் வந்து பார்க்கிறேன், இளைத்த பிள்ளைகளை எல்லாம் சாவடிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எங்க வூட்ல அப்படிப் புள்ள யாருமில்லீங்க என்றே எல்லோரும் சொன்னார்கள், உள்ளே பிள்ளை முனகுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்கள். போன வாரம் ஆபீசர் வந்தார். அத்தனை பெரிய சாவடியில் கண்ணம்மாள் ஒருத்திதான் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். மதியம் வரை காத்திருந்து பார்த்தார். ஒரு குழந்தைக்காக நிலையம் வைக்கப் போர்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்களே ஐயா என்று வருத்தத்தோடுதான் சொன்னார். போய்விட்டார். அது முதல் நம் வீட்டுக்கு நெருப்புக் கேட்கக்கூட யாரும் வருவதில்லை, சின்னக்கா தன் மகனை நம் வாசல் பக்கம் விடுவதில்லை. கண்ணம்மாள் யாரையும் ஏசவில்லை, என்னையும் ஏசவில்லை, ஏசினால்கூட எனக்குத் தேவலை.

வைத்தியர் பொன்னன் தரும் சூரணம் இரண்டு நாள் தங்குகிறது, மூன்றாம் நாள் எல்லாம் போய்விடுகிறது. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்றால் இந்த உடம்பு பஸ் தாங்காது என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை அப்பா, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எப்படியாவது கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு புறப்படு. வந்ததும் உன் அம்மாவைக் கோபிக்காதே, அவள் ஊர் வழக்கப்படி செய்தாள், இப்போது ராத்திரி பகலாக அந்தப் பிள்ளையை மடியைவிட்டு இறக்குவதில்லை. ரயிலில் வெளித் தண்ணீர் குடிக்காதே.

முனியப்பன் உன்னைக் காக்கட்டும், நீ நூறு வயது இருக்க வேண்டும். ஒன்று மறந்தேன். காவேரிக்கு இரண்டு வயதுப் பிள்ளைக்கான கவுன் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். கடைக்காரனிடம் சொல்லி, ஆறு மாதக் குழந்தைக்கு ஆகிற மாதிரி மாற்றி வாங்கி வா.

இப்படிக்கு,
உன் அப்பன்
மா. தீர்த்தகிரி