ஒரு வாரத்துக்கு ஒரு குறை

ஆனி பிறந்ததிலிருந்து விடாமல் சாரல். இன்று காலை பீரோவுக்கு மேலிருந்து அந்தப் பழைய கேமராப் பையை இறக்கித் திறந்தேன். குப்பென்று வேப்பெண்ணெய் வாடை. மாட்டுப் புண்ணுக்கு மருந்து போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு, அதே கையால்தான் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொள்வாய். அதற்காக உன்னிடம் எத்தனை சண்டை போட்டிருப்பேன். இரண்டு தடவை துவைத்தும் போகாத வாடை இன்னும் அப்படியே இருந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ போனபிறகு இந்தப் பையை நான் தொடவில்லை. கல்யாணங்களுக்கு எடுத்துப் போவது வேறு பை. அதை மடியில் வைத்துக்கொண்டே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் தொழில் உனக்குத் தெரியாததா. தென்காசியில் எங்கள் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்கள் பக்கம் படமெடுக்க ஒரு பெண் வேண்டும். ஆண் போட்டோகிராபர்களை வாசலோடு நிறுத்திவிடுகிற அறைக்குள் நான் மட்டும் ராணி மாதிரி நுழைவேன். நீ கடையம் மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் குற்றாலத்துக்கு பஸ் ஏறிவிடுவோம். நீ குளிக்க, நான் படமெடுக்க.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சீசன் சமயத்தில் குற்றாலத்தில் ஒரு கூடத்தில் மிருகங்கள், பறவைகள் படமாக மாட்டிவைப்பார்கள். அந்தச் சுவரில் என் படம் ஒன்று தொங்க வேண்டும். மணப்பெண் இல்லாத, மாலை இல்லாத ஒரு படம். இரண்டு வருஷம் அனுப்பி இரண்டு வருஷமும் எடுபடவில்லை. கல்யாண ஆல்பம் போடுகிறவளுக்கு எதற்கு இந்தக் குரங்கு வேலை என்று வீட்டில் எல்லோருமே நினைத்தார்கள், வாயைத் திறந்து சொன்னது என் நாத்தனார் மட்டும்தான்.

அந்த முதல் படம் ஞாபகம் இருக்கிறதா? ஐந்தருவிக் கடைகளுக்குப் பின்னால், நீ பஜ்ஜி வாங்கப் போன நேரத்தில் எடுத்தது. பல்லெல்லாம் தெரிய ஒரு குரங்கு. ‘சிரிக்கும் அழகி’ என்று பெயர் வைத்து எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். சூப்பர், அருமை, வேற லெவல் என்று வந்து குவிந்தது. நீ மட்டும் வாயே திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஸ்டூடியோவுக்கு வந்து, கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாய்.

“ஏட்டி, இதோட காது எங்க?”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் குரங்குக்கு இடது காது பாதி கிழிந்திருக்கும். மணப்பெண் முகத்தில் பருவை எடுத்து எடுத்துப் பழகிய கை, தானாகப் போய் அந்தக் காதை ஒட்டவைத்திருக்கிறது. முகத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கியிருந்தேன். செய்ததுகூட எனக்கு நினைவில்லை. நீ அதோடு விடவில்லை. அது சிரிக்கவில்லை, பயத்தில் பல்லைக் காட்டுகிறது என்றாய். பழத்தைக் காட்டி மூலையில் மடக்கியிருக்கிறேன் என்றாய். படத்தில் வாலை வெட்டிவிட்டேன், பின்னால் ஷாம்பு பாக்கெட் கிடக்கிறது, கண்ணில் ஃப்ளாஷ் அடித்திருக்கிறது என்று மூச்சு விடாமல் ஒன்பது குறை சொன்னாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

கேமராவில் எந்தப் பக்கம் கண்ணை வைக்க வேண்டும் என்றாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். இரண்டு வாரம் பேச்சில்லை. எனக்குக் கோபம் உன் மேல் இல்லை, நீ சொன்ன ஒன்பதும் சரியாக இருந்ததன் மேல்தான்.

மூன்றாம் வாரம் நீயேதான் வந்தாய், ஒரு டப்பா முந்திரிக்கொத்தோடு. நான் பாதி டப்பாவைக் காலி பண்ணும்வரை காத்திருந்துவிட்டுப் பேச்சை எடுத்தாய்.

“நான் சொன்னது சரிதாம்ட்டி, சொன்ன விதந்தான் தப்பு. மாட்டுக்குக்கூட ஒரே நாள்ல ஒம்பது ஊசி போட மாட்டோம். இனிமே வாரத்துக்கு ஒரு குறைதான் சொல்லுவேன். அதுக்கு முன்ன நல்லது ஒண்ணு சொல்லிருவேன். அதுக்கு மேல வாயத் தொறந்தேன்னா நீ எந்திரிச்சுப் போயிரு.”

நல்லது என்று எதைச் சொன்னாலும் அது நிஜமாக இருக்க வேண்டும், என் மனசுக்காகச் சொல்லக் கூடாது என்று நானும் ஒரு நிபந்தனை போட்டேன். அதில் நீதான் மாட்டிக்கொண்டாய். ஒரு வாரம் எவ்வளவு தேடியும் உனக்கு நல்லது அகப்படவில்லை. ஐந்தருவியில் பஸ் ஏறியதிலிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டு வருகிறவரை யோசித்துவிட்டு, படத்தின் மூலையில் தேதி சரியாக விழுந்திருக்கிறது என்றாய். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

முதல் குறை பழம். பழத்தை விட்டதும் எந்தக் குரங்கும் என்னை மதிக்கவில்லை. அந்த வாரம் நாற்பது படம், நாற்பதிலும் முதுகு. நனைந்த ரோமம் ஒட்டிக் கிடப்பது நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த குறையை எடுத்தாய். நான் நின்றுகொண்டு எடுக்கிறேனாம், குரங்குக்கு நான் ஆனை மாதிரி தெரிவேனாம். சரியென்று பர்தாவோடு ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குளிக்க வந்தவர்கள் குரங்கை விட்டுவிட்டு என்னைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஃப்ளாஷ், அப்புறம் ஷாம்பு பாக்கெட். ஒவ்வொரு வாரமும் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு போனதால் அந்த ஒன்று கைக்கு வந்தது. ஒன்பதையும் சேர்த்து நினைத்திருந்தால் கேமராவை விற்றிருப்பேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. அந்த வருஷம் சுரண்டையில் ஒரு கல்யாணம். மணப்பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சிரிம்மா என்று சொல்ல வாயெடுத்தவள், அவள் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்தேன். அது சிரிப்பு இல்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, அறையிலிருந்தவர்களை வெளியே அனுப்பி, அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபோது ஒரு படம் எடுத்தேன். அந்த ஆல்பத்தில் அவளுக்குப் பிடித்தது அதுதானாம். குரங்கிடம் கற்றது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பிறகு நீ திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். போன சீசனில் நான் தனியாகத்தான் ஐந்தருவிக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் இருந்திருப்பேன். காது கிழிந்த நம் அழகி குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து, எதிர்ச் சுவரில் உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். நாலே நாலு படம் எடுத்தேன். ஒன்றை மட்டும் எதுவும் திருத்தாமல் பிரிண்ட் போட்டு, மத்தியான பஸ்ஸில் திருநெல்வேலிக்கு வந்தேன்.

நீ மெலிந்திருந்தாய். உன் வீட்டுக்கார அண்ணாச்சி தலையணையைத் தூக்கி வைத்து உன்னைச் சாய்த்து உட்காரவைத்தார். படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாய். கண்காட்சிக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று நான் ஒருநாளும் அப்படிப் பயந்ததில்லை.

“நீ அங்கன இருக்கது அதுக்குத் தெரியும். ஆனாலும் கண்டுக்கலட்டி. அது பாட்டுக்கு மழையப் பாக்குது.”

இதைவிடப் பெரிய பாராட்டு உன் வாயிலிருந்து வந்ததில்லை. நல்லது சொல்லியாகிவிட்டது. குறையைச் சொல் என்றேன். உனக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் அந்தக் குறும்புச் சிரிப்பு போகவில்லை.

“ஒண்ணு இருக்கு. அடுத்த வாரம் சொல்லுதேன். அதுக்குள்ள நீயே தேடிப் பாரு.”

புதன்கிழமை அண்ணாச்சி போன் பண்ணினார், நீ போய்விட்டாய் என்று.

அந்தப் படத்தைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். கூடத்தில் நுழைந்ததும் வலது சுவரில் மாட்டியிருந்தார்கள். என் நாத்தனாரே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் சூப்பர் என்றார்கள், அருமை என்றார்கள். எனக்கோ, அதிலிருக்கிற குறையை ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. அவள் உங்களிடம் ஏதாவது சொன்னாளா என்று அண்ணாச்சியிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன். பாவம், அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் தேடினார்.

ஒரு வருஷமாக அந்தப் படம் என் மேஜைக்கு எதிரே இருக்கிறது. இதுவரை ஐந்து கண்டுபிடித்திருக்கிறேன். குட்டியின் பாதம் நிழலுக்குள் போய்விட்டது. சுவர் லேசாகச் சாய்ந்திருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு இலை பாதியில் நிற்கிறது. மழை தெரிகிறது, மழையின் தூரம் தெரியவில்லை. தாயின் கண்ணைப் பார்த்த நான் அதன் கையைக் கவனிக்கவில்லை. இதில் உன்னுடையது எது?

தெரியாமல் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வருகிற ஞாயிறு முதல் மறுபடி ஐந்தருவிக்குப் போகிறேன், பாதத்திலிருந்து ஆரம்பித்து வாரத்துக்கு ஒன்றாக. ஐந்தையும் சரிசெய்த பிறகும் நீ நினைத்தது அது இல்லை என்று தோன்றினால், ஆறாவதைத் தேடுவேன்.