அக்காவின் பள்ளமும் என் ஆள்காட்டி விரலும்

மார்ச் 14, திங்கள்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரப் பொதுமக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை இன்று காலை ஒன்பது மணிக்குப் பதவி விலகியது. இனி அது யுஸ்ரா அக்காவின் ஆய்வுக்கூடம். குடிமக்கள் முட்டை வைத்துப் பொரித்த பிரிக்கைச் சமையலறையில் நின்றபடியே கடிக்க வேண்டும். முட்டை சட்டையில் வழிந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.

பல்கலைக்கழகக் கணினி அறையை வசந்த விடுமுறைக்குப் பூட்டிவிட்டார்கள். 31ஆம் தேதிக்குள் அக்கா ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் இந்த ஆக்கிரமிப்பு.

மார்ச் 15

அவள் மேஜையில் கிடக்கும் சர்க்கியூட் தபால்தலை அளவுதான். நடுவில் ஒரு செம்புப் பட்டை, இரு பக்கமும் முடிபோல மெல்லிய இடைவெளி, அதற்கு வெளியே இரண்டு பக்கமும் செம்புத் தரை. எல்லாம் ஒரே தளத்தில். அதனால் கோபிளேனார் வேவ்கைடு என்று பெயர். அலை அந்த இடைவெளிகளில்தான் ஓடுமாம். அந்த அலை எப்படி ஓடும் என்று மென்பொருளில் முன்கூட்டியே சொல்வதுதான் அக்காவின் வேலை. அலையைப் பிடிக்க அவள் அலைகிறாள்.

அவள் தேநீர் போடப் போன நேரத்தில் திரையில் ஒரு பொய் அறிவிப்புப் பெட்டியை வைத்தேன்: ‘மன்னிக்கவும், உங்கள் சர்க்கியூட் தொலைந்துவிட்டது.’ வந்தாள், பார்த்தாள், ஒரு மிடறு குடித்தாள்.

“ஃபிராஸ், இந்த மென்பொருள் எட்டு வருஷமா யார்கிட்டயும் மன்னிப்பு கேட்டதில்ல. எடுத்துடு.”

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்கே அவமானமாக இருந்தது.

மார்ச் 17

அக்கா விடுமுறையிலும் திறந்திருக்கும் பல்கலைக்கழக அளவீட்டு அறையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சர்க்கியூட்டை அளந்து பார்த்தார்களாம். அவளுடைய சிமுலேஷன் வரைபடத்தில் கோடு சமதரையாகப் போகிறது. அளவீட்டிலோ 5.9 கிகாஹெர்ட்ஸில் ஒரு பெரிய பள்ளம். அந்த இடத்தில் அலை போய்ச் சேரவே இல்லை.

வழிகாட்டி ரபாப் மேடம் சொன்னாராம்: “ரெண்டு கோடும் ஒத்துப்போகலைன்னா மூணாம் அத்தியாயத்தை எடுத்துடு. சர்க்கியூட் போர்டு செஞ்சவன் சொதப்பியிருப்பான்.”

மூன்றாம் அத்தியாயம் போனால் மிச்சம் முன்னுரையும் நன்றியுரையும்தான். அம்மா, “போர்டு சரியில்லன்னே எழுதிடேன், யாருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

“போர்டுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. பொய் சொல்றது என் சிமுலேஷன்தான்.”

பள்ளிக்கு விடுமுறை. பள்ளத்துக்கு இல்லை.

மார்ச் 19

மென்பொருள் செம்பை நுணுக்கிச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. இடைவெளியின் குறுக்கே இரண்டு கட்டம்தான் இருந்தது, ஐந்தாக்கினாள். நான்கு மணி நேரம் ஓடியது. மடிக்கணினி சுடச்சுட, நான் அதன் பக்கத்தில் ரொட்டியை வைத்துச் சூடாக்கினேன். (பலித்தது.)

கோடு இன்னும் வழவழவென்றுதான் வந்தது.

“அழகா இருக்கே!” என்றேன்.

“அழகா இருக்குங்கறதுதான் சந்தேகமா இருக்கு.”

எனக்கு மட்டும் இவ்வளவு அழகான விடை வந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

மார்ச் 20

மறுபடி ஓட்டினாள். வழவழ.

மார்ச் 22, செவ்வாய்

வரலாற்று நாள்!

இன்று திரும்ப அளக்கப் போகும்போது அக்காவே என்னைக் கூப்பிட்டாள். “பெட்டியத் தூக்க ஆள் வேணும்.” பெட்டியில் இருந்தது தபால்தலை. பல்கலைக்கழக வாசலில் ஒரு கிண்ணம் லப்லாபி, அதாவது கொண்டைக்கடலை சூப், வாங்கித் தந்தாள் என்பதால் நான் கேள்வி கேட்கவில்லை.

அளவீட்டு அறையின் ராஜா முன்ஸிஃப் அண்ணன். வெள்ளைக் கோட்டு, மீசை, சந்தேகம்.

“டாக்டரம்மா, யாரு இந்தப் பொடியன்?”

“என் தம்பி, அண்ணே.”

“தம்பி, ஓடும்போது இந்த போர்டைத் தொடக்கூடாது. உன் உடம்புல இருக்கற மின்சாரம் இந்தக் கருவியைத் தீர்த்துடும். இதோட விலையில ஒரு வீடு வாங்கலாம். தொட்டா கைய ஒடிச்சிடுவேன்.”

அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாக, “குறிப்பா அந்த வளைவுப் பக்கம் தொட்டுடாதடா” என்றாள். பட்டை அங்கேதான் திரும்புகிறது.

அவர் குனிந்து கேபிளை இறுக்கினார். நான்… தொட்டேன். வளைவின் மேலேயே, இரண்டு பக்கத்துச் செம்பையும் சேர்த்து.

திரையில் பள்ளம் இடப்பக்கமாக நகர்ந்து பாதி நிரம்பியது!

முன்ஸிஃப் அண்ணன் போட்ட கூச்சலை எழுத இந்த நோட்டுத் தாங்காது. அக்கா மட்டும் திரையையே பார்த்தாள். “வளைவுல ரெண்டு தரையோட மின்னழுத்தமும் சமமா இல்ல,” என்றாள் மெல்ல. “என் பெட்டிச் சுவர்தான் அதை மறைச்சிருக்கு.”

வீட்டுக்கு வரும் வழியில் விளக்கினாள். மென்பொருளில் சர்க்கியூட் ஒரு கற்பனை உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. அவள் இரு தரைகளையும் பெட்டிச் சுவர்வரை இழுத்துவிட்டிருந்தாள். சுவர் இரண்டையும் கட்டிப் பிடித்து, சமமாக்கிக் காட்டிவிட்டது. நிஜ போர்டுக்குச் சுவர் ஏது?

கண்டுபிடித்தவன்: ஃபிராஸ். கருவி: ஆள்காட்டி விரல்.

மார்ச் 23

தரைகளைச் சுவரிலிருந்து விலக்கினாள். அலை உள்ளே நுழையும் வாயிலில் நடுப்பட்டைக்குக் கூட்டல் எண், இரு பக்கத் தரைக்கும் அதே கழித்தல் எண். போன மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது என்று மென்பொருளுக்குத் தெளிவாகச் சொன்னாள். ஓடவிட்டாள். புள்ளி புள்ளியாகக் கோடு வந்தது. 5.9இல் தொப்பென்று விழுந்தது.

அக்கா குதிக்கவில்லை. அந்தப் பள்ளத்தைப் பார்த்து, “வந்துட்டியா” என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல. தன் தவறு அப்படியே திரையில் தெரிகிறது, அதற்குச் சந்தோஷப்படுகிறாள்! இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

மார்ச் 24

அம்மாவிடம், முடிதிருத்துபவரிடம், பக்கத்து வீட்டு ஹாதெம் அண்ணனிடம், கடைசியில் ரொட்டி வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடமும் என் கண்டுபிடிப்பை விளக்கினேன். அவர் எனக்கு வரிசையில் இடம் விட்டார்.

மார்ச் 26

வளைவின் மேல் இரு தரையையும் சேர்த்து முடியளவு கம்பிப் பாலம். முதலில் சிமுலேஷனில் கட்டினாள், பள்ளம் போனது. பிறகுதான் நுண்ணோக்கிக்குக் கீழே நிஜக் கம்பியைப் பற்றவைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, கை அசையாமல்.

அளந்தார்கள். ரபாப் மேடம் படத்தைப் பார்த்து, “ஒரு கோடுதானே இருக்கு, அளவீடு எங்க?” என்றார்.

“ரெண்டும் இருக்கு மேடம். ஒண்ணு மேல ஒண்ணு.”

மார்ச் 31

கொடுத்துவிட்டாள். மூன்றாம் அத்தியாயத்தோடு. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஏப்ரல் 1, வெள்ளி

ஊரே பொய் சொல்லும் நாளில் நான் ஓர் உண்மையை எழுதுகிறேன்.

மேஜையைத் துடைத்தபோது அக்காவின் குறிப்பேடு திறந்து கிடந்தது. தேதி மார்ச் 21. நான் தொட்டதற்கு முந்தைய நாள்:

‘சுவர்தான் இரு தரையையும் கட்டுகிறதோ? வளைவில் விரல் வைத்தால் பள்ளம் நகர வேண்டும். முன்ஸிஃப் என்னைத் தொடவிட மாட்டார், இரண்டு முறை கேட்டாயிற்று. முதலில் உடம்பு மின்சாரத்தைத் தடுக்கும் வடிகட்டி மாட்டிக் கருவியைக் காப்பாற்றிக்கொள்ளணும். நாளை ஃபிராஸைக் கூட்டிப் போகணும். தொடாதே என்று சொன்னால் போதும்.’

மூன்று முறை படித்தேன். ரொட்டி வரிசை ஞாபகம் வந்து காது சூடானது. குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன்.

“முன்னாடியே என்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ தொட்டிருக்க மாட்டடா.”

தொட்டிருக்க மாட்டேன்தான்.