மட்டி மேல் சீஸ்

த்ரியெஸ்தே,
நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் காய்ச்சல் விட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. தினமும் நூலகத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

ஞாயிறு மதியம் என்னோடு வேலை செய்யும் ஒர்னெல்லாவும் கொர்ராதோவும் என்னைத் துயீலியோவின் உணவகத்துக்கு இழுத்துப் போனார்கள். மட்டிச் சிப்பி போட்ட ஸ்பகெத்தி வந்தது. நான் தெற்குக் கடற்கரை ஊர்க்காரி என்பதால், ருசி பார்த்துச் சொல்ல முதல் வாய் எப்போதும் எனக்குத்தான். அதைச் சாப்பிட்டுவிட்டு, கடல் உணவின் மேல் நம்மவர்கள் யாரும் சீஸ் போடமாட்டார்கள் என்பதைக்கூட யோசிக்காமல் சீஸ் கேட்டுவிட்டேன்.

துயீலியோ திகைத்து நின்றார். "மட்டி மேல சீஸா? அதுக்கு என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமே மேடம்!"

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்கடி" என்றாள் ஒர்னெல்லா.

"விடு, வடக்க வந்து கெட்டுப்போயிட்டா" என்றான் கொர்ராதோ. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர்களிடம் சொல்லவில்லை. காய்ச்சலோடு போன ருசியும் வாசனையும் எனக்கு இன்னும் திரும்பவில்லை. டாக்டர் காத்திருக்கச் சொல்கிறார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது என்றே நினைக்கிறேன். சீஸ் போட்டாலாவது ஏதாவது தெரியுமா என்று பார்த்தேன், அவ்வளவுதான். பயப்படாதே, நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஒரு சின்ன உதவி. நீ எனக்குக் கொடுத்தனுப்பிய சமையல் நோட்டில் எல்லாப் பக்கத்திலும் 'உப்பு வேண்டிய அளவு' என்றே எழுதியிருக்கிறாய். அதை மட்டும் தேக்கரண்டிக் கணக்கில் எழுதி அனுப்பு. வேண்டிய அளவு எவ்வளவு என்று எனக்கு இப்போது தெரியவில்லை, அம்மா.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன்.

உன் மகள்
லொரெதானா