தண்ணீர் முறைக்கு ஒரு ஏபிஐ

ஏப்ரல் 21, செவ்வாய். காலை 6.40. எண்ட்பொயின்ட் 31. பிழை 0.

வெயில் இப்போதே முதுகில். மாங்குளம் சந்தி, ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி அறை. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.

வேலை முடிந்தது. கமக்காரர் அமைப்புக்கான ஏபிஐ: செயலி கேட்பதற்குச் சேவர் பதில் சொல்லும் வழி, ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண்ட்பொயின்ட். எந்த வாய்க்கால், எந்த வயல், எத்தனை மணிக்குத் தண்ணீர், யாருக்குக் குறுஞ்செய்தி. எல்லாம். வெள்ளிக்கிழமை சிறுபோகத்தின், கோடை நெல்லின், முதல் தண்ணீர் முறை. இதுவரை வட்சப் குழுவில் குரல் பதிவு போட்டுத்தான் முறை சொன்னார்கள். அரைவாசிப் பேர் கேட்பதில்லை. இந்தப் போகம் என்னுடையதைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள். பிழை வந்தால் திரும்ப வட்சப்.

பிழை வராது. வரையறை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். பரப்பளவு என்றால் எண். திகதி என்றால் திகதி. பெயர் வெறுமையாக இருக்க முடியாது. அந்த வரையறையை வைத்தே சேவர் உள்ளே வருவதைச் சோதிக்கிறது. அதிலிருந்தே ஆவணப் பக்கம் தானாக உருவாகிறது. அதிலிருந்தே நிரோஜினியின் செயலிக்குத் தேவையான கோட் இறங்குகிறது. கொழும்பில் வேலை செய்த இடத்தில் ஆவணம் எழுத ஒருவர், கோட் எழுத வேறொருவர். ஆவணம் ஒன்று சொல்லும், சேவர் இன்னொன்று செய்யும். இரண்டு வருடம் அதோடு மாரடித்தது போதும்.

நிரோஜினி வவுனியாவில் இருந்து கைபேசிச் செயலி எழுதுகிறாள். பத்து மணிக்குப் போன்.

"டொக்ஸ் எப்ப அனுப்புவாய்?"

"லிங்க் அனுப்பினனான். திறந்து பார்."

"இது நீ எழுதினது இல்லையே."

"இல்லை. கோட்டில இருந்து தானா வந்தது."

"அதுதானே பாத்தன். வாசிச்சா விளங்குது."

மத்தியானம் சோறு, நெத்தலி. பெற்றோல் அடிக்க மறந்தேன்.

ஏப்ரல் 22, புதன். அனல்.

அமைப்பின் செயலாளர் ராணி அக்கா வீட்டில் தரவுப் பதிவு. அவர் கைபேசியில் வயல் வயலாகப் போட்டார். நான் எதிர்க் கதிரையில் வேறு வேலை.

"தம்பி, இது சிவப்பாக் கிடக்கு."

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். "காணிக்காரர் பேரும் விதைக்கிறவர் பேரும் ஒண்டா இருக்கவேணும் அக்கா. இல்லாட்டி எடுக்காது."

"அப்ப ஒண்டாப் போட்டாச் சரியோ?"

"ஓம்."

பிறகு ஒரு சிவப்பும் இல்லை. தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்குள் முழு வாய்க்காலும் பதிவு. பிழையான பதிவு ஒன்றுகூட உள்ளே வரவில்லை. வகைகள் இறுக்கமாக இருந்தால் இப்படித்தான். நிரோஜினிக்கும் எழுதிப் போட்டேன். பெருவிரல் படம் ஒன்று அனுப்பினாள்.

ஏப்ரல் 24, வெள்ளி. முதல் முறை.

காலை எல்லாக் குறுஞ்செய்தியும் போய்ச் சேர்ந்தது. திரையில் வரிசையாகப் பச்சை. கீழே போய்ச் சோடா குடித்தேன்.

பின்னேரம் ராணி அக்கா போன். செல்வம் அண்ணையின் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போயிருக்கிறது. வரம்பில் தண்ணீர் விட வெட்டும் வக்கடை மூடியபடியே. அவருக்குச் செய்தி வரவில்லை.

பதிவைத் தேடினேன். செய்தி போயிருக்கிறது. பூவரசங்குளத்தில் இருக்கும் சிவபாலன் ஐயாவுக்கு. செல்வம் அண்ணை விதைத்திருப்பது அவர் காணியில். போன் எடுத்துக் கேட்டேன்.

"ஓம் தம்பி, வந்தது. இந்த முறை நான் விதைக்கேல்லையே. எனக்கேன் அனுப்புறாங்கள் எண்டு அழிச்சுப்போட்டன்."

சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. தண்ணீர் திறக்கும் துருசுக்குக் கிட்ட இருக்கும் வயல்களை மட்டும் விதைப்பார்கள். அதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் காணியில் இன்னொருவர் பயிர். எனக்குத் தெரியாத விடயமா? அப்பாவே வருடா வருடம் அப்படித்தான் விதைக்கிறார். நான் வரையறை எழுதியது மாரியில், காலபோகத் தரவை வைத்து. அப்போது அவரவர் காணியில் அவரவர். இரண்டு பெயரும் ஒன்று என்று விதி போட்டேன். அப்படியே கிடந்தது.

மற்றப் பங்குக்காரர் வயலில் நின்றதால் தண்ணீரைக் கண்டு வெட்டிவிட்டார்கள். செல்வம் அண்ணை ஒட்டுசுட்டானில் மேசன் வேலைக்குப் போயிருக்கிறார். செய்தி வரும், வந்ததும் வரலாம் என்று. என்னை நம்பி.

அடுத்த முறை வரும்வரை அந்த முளை தாங்காது. கருகிவிடும்.

அந்த விதி இருக்கும் வரியைத் திறந்து வைத்தேன்.

ஏப்ரல் 25, சனி.

விடிந்ததும் வேலை. காணிக்காரர் ஒரு வகை, விதைப்பவர் இன்னொரு வகை. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் கோட் ஓடவே ஓடாது. சேமித்தேன். திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு சிவப்பும் நான் யோசிக்காமல் விட்ட ஓர் இடம். மத்தியானத்துக்கு முன் எல்லாம் திருத்தியாயிற்று. ஆவணம் தானாக மாறியது.

நிரோஜினி:

"என்ரை பக்கம் முழுக்க உடைஞ்சு கிடக்கு. என்ன செய்தனி?"

"நல்லது."

"நல்லதோ? உனக்கென்ன விசரோ?"

"உன்ரை மேசையில உடைஞ்சா வயலில உடையாது."

"உந்தக் கதையைச் செல்வம் அண்ணையிட்டப் போய்ச் சொல்லு."

வைத்துவிட்டாள். ஆனாலும் நான் சொன்னது சரி. கருவியில் பிழை இல்லை. வரையறையில் பிழை. இறுக்கமான விதி பிழையாக இருந்தால் சனம் அதற்கு ஏற்றபடி பொய்யை எழுதும், சேவரும் சந்தோசமாக வாங்கிக்கொள்ளும். நாளைக்கும் இதே முறையில்தான் எழுதுவேன். முதலில் கேட்டுவிட்டு.

நான்கு மணி, பொதுநோக்கு மண்டபம். அவசரக் கூட்டம். தலைவர் நேரே விடயத்துக்கு வந்தார். "வட்சப்புக்கே போவம்."

ராணி அக்கா என்னைப் பார்த்தார். "ஒண்டாப் போடச் சொன்னது நீர்தானே தம்பி?"

எழும்பினேன். "ஓம். விதி எழுதினதும் நான், அப்பிடிப் போடச் சொன்னதும் நான். அக்காவில பிழை இல்லை. இண்டைக்குத் திருத்திப்போட்டன்."

பின்னுக்கு ஒரு குரல். "கொம்பியூட்டர் படிச்சவர் பிழையை ஒத்துக்கொள்ளுறார். மழை வரப்போகுது."

சிரிப்பு. செல்வம் அண்ணை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "மெசேஜ் கிடக்கட்டும் தம்பி. எனக்குத் தண்ணி வருமோ?"

அதற்கு என்னிடம் எண்ட்பொயின்ட் இல்லை. நாளைய முறை தங்கராசா அண்ணைக்கு. அவர் விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழும்பிப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ரெண்டு மணித்தியாலம் விடுறன். ஆனா துருசடியில இருந்து செல்வத்தின்ரை வயல்மட்டும் இந்தத் தம்பி வாய்க்கால் வழிய நடக்கவேணும். இடையில ஆரும் வெட்டினா அடைக்கவேணும். தண்ணி ஏறாட்டி பிறகு என்னட்டக் கேக்கக்கூடாது."

"நடக்கிறன்" என்றேன்.

"செருப்போட இல்லை" என்றார்.

தண்ணீர் ஏறிய பிறகுதான் வட்சப்பா, ஏபிஐயா என்ற முடிவு. நியாயம்.

இனிச் செய்யவேண்டியது:

1. புதிய பதிப்பை ஏற்றுவது. நிரோஜினி திருத்தி முடிக்கும்வரை ஒரு செய்தியும் போகாமல் நிறுத்தி வைப்பது.
2. இன்றே ராணி அக்காவோடு இருந்து, வயல் வயலாக, விதைப்பவர் யார் என்று கேட்டுப் பதிவது.
3. அப்பாவின் மண்வெட்டி. அலாரம்.
4. விடிய ஐந்துக்குத் துருசடி. அங்கிருந்து நடை. யார் ஏசினாலும் இடையில் வெட்டிய வக்கடையை அடைப்பது.
5. செல்வம் அண்ணையின் வக்கடையை நானே வெட்டுவது. கடைசி மூலை நனையும்வரை வரம்பை விட்டு அசைவதில்லை.